பச்சை டபிள்யூ, நீல வால்: இந்த ஹாக்கி லோகோ எந்த டீமுடையது?

நொய்யல்கரை (திருப்பூர்):
வணக்கம்ங்க. பதினெட்டு வருஷமாக ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு பையர் பழைய டி-ஷர்ட் ஒன்றைச் சாம்பிளாகக் கொடுத்தார். நெஞ்சில் பச்சையில் டபிள்யூ, அதன் மேல் நீலத்தில் திமிங்கில வால். ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸ் என்று பெயர். தேடினால் ஐஸ் ஹாக்கி டீமாம், 1997லேயே ஊரை விட்டுப் போய்விட்டதாம். போன டீமின் பனியனை இன்னும் யார் வாங்குகிறார்கள்? ஏன் போனது? இந்த ஆர்டரை எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோபிக்காரன்:
தம்பி, ஹார்ட்ஃபோர்டு அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஊர். அங்கே நான் நாலு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் வேலை பார்த்தேன். இப்போது கோபியில்தான் இருக்கிறேன். என் பஸ் ஸ்டாப்பில் தினமும் ஒரு பெரியவர் நிற்பார். தலையில் இதே லோகோ போட்ட பச்சைத் தொப்பி. வெயிலில் வெளுத்து, முனை நூல் பிரிந்திருக்கும். அவர்தான் எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர்.

முதலில் லோகோவைச் சரியாகப் பாருங்க. டபிள்யூவுக்கும் வாலுக்கும் நடுவில் விட்ட வெள்ளை இடம்தான் ஹார்ட்ஃபோர்டின் எச். 1979இல் பீட்டர் குட் என்பவர் வரைந்தது.

டீம் 1972இல் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வேலர்ஸ் என்று ஆரம்பித்தது. அப்போது பெரிய லீக்கான என்ஹெச்எல்லுக்குப் போட்டியாக டபிள்யூஹெச்ஏ என்று புது லீக் வந்திருந்தது. வேலர்ஸ் என்ற பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்தும் அதுதான். லீக்கின் முதல் கோப்பையையே 1973இல் ஜெயித்தார்கள். 1975இல் ஹார்ட்ஃபோர்டில் புது அரங்கத்துக்குக் குடிவந்தார்கள்.

1978 ஜனவரி 18 விடியற்காலை, பனியின் பாரம் தாங்காமல் அந்த அரங்கத்தின் கூரை மொத்தமாக உள்ளே விழுந்தது. முந்தின இரவுதான் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் அதே கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். விழுந்த நேரம் உள்ளே ஆள் இல்லாததால் யாருக்கும் அடிபடவில்லை. இதைச் சொல்லும்போது பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். 1980 வரை பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில்தான் ஆடினார்கள்.

அந்தக் காலத்தில்தான் ஹாக்கி ஜாம்பவான் கார்டி ஹோவ் டீமில் இருந்தார். மார்க், மார்ட்டி என்ற தன் இரண்டு மகன்களோடு ஒரே டீமில் ஆடியவர். 1979இல் டபிள்யூஹெச்ஏ மூடிப்போய், அதிலிருந்து வேலர்ஸ் உட்பட நாலு டீம்கள் என்ஹெச்எல்லுக்குள் போயின. அந்த சீசனில் 80 ஆட்டமும் ஆடி 15 கோல் போட்டார் ஹோவ். சீசன் முடிவதற்குள் 52 வயது.

அப்புறம் ஏன் போனது? சின்ன ஊர். கோவைக்கும் சேலத்துக்கும் நடுவில் ஈரோடு மாதிரி, நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவில் இருக்கிறது. என்ஹெச்எல்லில் பிளேஆஃப் தொடர் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தார்கள், 1986இல். 1994இல் பீட்டர் கர்மனோஸ் வாங்கினார். புது அரங்கம் கட்டுவதில் மாநில அரசோடு பேச்சு படியவில்லை. 1997 ஏப்ரல் 13 கடைசி ஆட்டம், டாம்பா டீமை 2-1 என்று ஜெயித்தார்கள். கடைசி கோல் கேப்டன் கெவின் டினீன் போட்டது. முடிந்த பிறகும் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தோம் என்றார் பெரியவர். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டீங்களே, அப்படி உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

லோகோ உரிமை சும்மா கிடக்கவில்லை. லைசென்ஸ் கடிதம் வாங்காமல் ஒரு பீஸ்கூடப் போடாதீங்க.

பவானிப்பெண்:
போன டீம்தான் இப்போது கரோலினா ஹரிகேன்ஸ். வட கரோலினா மாநிலத்து ராலேயில் அரங்கம் கட்டி முடியும்வரை இரண்டு சீசன் கிரீன்ஸ்பரோவில் ஆடினார்கள். ராலேக்கும் அதற்கும் திருப்பூரிலிருந்து சேலம் போகிற தூரம் இருக்கும், கூட்டமே வரவில்லை. 2006இல் எட்மண்டன் டீமை ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்து என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பை வாங்கினார்கள். எங்க அக்கா குடும்பம் ராலேயில்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் பாஸ்டனோடு ஆடியபோது பழைய பச்சை ஜெர்சியே போட்டு வந்தார்கள். மச்சான் நேரில் பார்த்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார். பழசை மறக்கவில்லையே, அது நல்லதுதானேங்க அண்ணா?

கோபிக்காரன்:
அம்மணி, உங்க மச்சான் சந்தோஷம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஜெர்சியை ராலேயில் போட்டது எனக்கு உறுத்துகிறது. என்ஹெச்எல்லுக்குள் வந்த நாலில் கியூபெக் 1995இல் போனது, வின்னிபெக் 1996இல், ஹார்ட்ஃபோர்டு 1997இல். எட்மண்டன் மட்டும்தான் மிச்சம். வின்னிபெக்குக்கு 2011இல் வேறொரு டீம் வந்து ஜெட்ஸ் என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டது. ஹார்ட்ஃபோர்டுக்கு இன்னும் என்ஹெச்எல் டீம் வரவில்லை. ஒருவரை மட்டும் ஹார்ட்ஃபோர்டு, ராலே இரண்டு ஊரும் தங்களவர் என்று சொல்லலாம். ரான் ஃபிரான்சிஸ், 10ஆம் நம்பர். 1991இல் வேறு ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டு அவரைப் பிட்ஸ்பர்க் டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள், 1998இல் கரோலினாவுக்குத் திரும்பி வந்தார். அப்படிக் கொடுத்ததைப் பெரியவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நொய்யல்கரை (திருப்பூர்):
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. நீங்க சொன்ன பிறகுதான் எச் கண்ணில் பட்டது. வெள்ளைத் துணிக்கு இரண்டே ஸ்கிரீன், எச்சுக்கு மையே கிடையாது. நேற்று டேபிளில் ஒன்று அடித்துப் பார்த்தேன். நீலம் ஒரு நூல் அளவு கீழே இறங்கினாலும் எச் ஒரு பக்கம் சாய்கிறது. நாலாவது துணியில்தான் நேராக நின்றது. பையரிடம் லைசென்ஸ் கடிதம் கேட்டிருக்கிறேன், அதுவரை ஸ்கிரீன் அலமாரியில் இருக்கட்டும்.