இரைப்பை பைபாஸ் செய்தால் உடம்பின் அழற்சி அடங்குமா?

சாட்ஸ்வர்த்_தம்பி
என் அக்காவுக்கு 46 வயது, பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 44. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. டர்பனில் பார்த்த டாக்டர், எடை குறைய இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கிற ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் 12 இருக்கிறதாம். "உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி ஓடுகிறது, ஆபரேஷன் செய்தால் அடங்கும்" என்றார். வயிற்றில் கை வைத்தால் ரத்தத்தில் இருக்கிற அழற்சி எப்படிக் குறையும்? அத்தைமார் எல்லாம் ஆபரேஷனே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

வார்டு_அக்கா
குறையும் தம்பி. கொழுப்பு சும்மா கிடக்கிற சதை இல்லை. அளவுக்கு மீறிப் பெருத்த கொழுப்புச் செல்களில் சில செத்துப்போகும். அவற்றைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வளையமாக மொய்க்கும். அங்கிருந்து ஐ.எல்.-6, டி.என்.எஃப். போன்ற சமிக்ஞைகள் கிளம்பும். ஐ.எல்.-6 ஈரலைத் தட்டினால் ஈரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கும். ஆபரேஷன் முடிந்து செல்கள் சுருங்கச் சுருங்க மொய்த்த கூட்டம் கலையும், சி.ஆர்.பி.யும் இறங்கும். அழற்சியை அடக்கும் அடிபோனெக்டின் என்ற ஹார்மோன் அதிகமாகும்.

ஒன்று மட்டும் கவனம்: முதல் இரண்டு மூன்று நாள் சி.ஆர்.பி. விர்ரென்று ஏறும். அது வெட்டிய புண்ணுக்காக. அதற்குப் பிறகும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான், தையல் எங்காவது கசிகிறதா என்று சர்ஜன் பார்ப்பார்.

பீனிக்ஸ்_ராணி
கொழுப்புதான் வில்லன் என்றால் அதையே உறிஞ்சி எடுத்துவிடலாமே? பைபாஸ் எதற்கு? இல்லை, ஆறு மாசம் பனி சௌவை (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றிய நம்மூர்ச் சாப்பாடு) நிறுத்திப் பார்க்கட்டும்.

லேப்காரன்
ராணியம்மா, உறிஞ்சிப் பார்த்துவிட்டார்கள். 2004இல் அமெரிக்காவில் சில பெண்களுக்குத் தோலடிக் கொழுப்பைச் சுமார் 10 கிலோ எடுத்தார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் சி.ஆர்.பி., ஐ.எல்.-6 எதுவும் அசையவில்லை. எஞ்சிய செல்கள் பெருத்தபடியேதானே இருந்தன! அவை சுருங்க வேண்டுமானால் வாயைக் கட்ட வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், அழற்சியைக் குறைப்பது கத்தி இல்லை, எடை இழப்பு. 2020இல் வந்த ஓர் ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு பைபாஸ், இன்னொரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும். இரண்டு குழுவும் 18 சதவீதம் எடை இறங்கிய பிறகு பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது.

வார்டு_அக்கா
அது இருபத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்தது. முக்கியமாக இன்சுலினைப் பார்த்தது, அழற்சியை அல்ல. சரி, எடைதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து கொடுத்த சாப்பாட்டில் 18 சதவீதம் இறங்கலாம். வீட்டுக்கு வந்தபின் அதை எத்தனை பேர் காப்பாற்றுகிறார்கள்? ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் பத்து வருஷம் கழித்தும் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். ஆபரேஷன் இல்லாதவர்களின் எடை இருந்த இடத்திலேயே நின்றது.

லேப்காரன்
அந்த ஆபரேஷன் இல்லாத குழுவுக்கு வழக்கமான சிகிச்சைதான், கடுமையான டயட் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்று. 2024இல் ஜூரிக்கில் ஒரு குழு, ஆபரேஷனில் நன்றாக இளைத்தவர்களின் கொழுப்பை இரண்டு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தது. மரபணு இயக்கத்தில் பழைய பருமனின் தடயம் அப்படியே கிடந்தது. மறுபடி எடை ஏறினால் அழற்சியும் திரும்பும். ஆபரேஷன் செய்தால் பி12, இரும்புச்சத்து மாத்திரையோ ஆயுசு முழுக்க. மெடிக்கல் எய்டு காப்பீட்டில் சில திட்டங்கள் ஆபரேஷனுக்குப் பணம் கட்டாது. முழங்கால் வலிக்குக்கூட பாரம்தான் முதல் காரணம், அழற்சி என்று பெரிய பெயர் வைக்க வேண்டாம்.

வார்டு_அக்கா
பாரம் மட்டும் என்றால் பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டும் ஏன் அதிகம் தேய்கிறது? கையாலா நடக்கிறார்கள்? எங்கள் வார்டுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு மோதிரத்தைக் கழற்ற சோப்பு நுரை போட வேண்டியிருந்தது, அவ்வளவு வீக்கம். ஆறு மாசம் கழித்து வந்தபோது மோதிரம் நழுவுகிறதென்று நூல் சுற்றியிருந்தார்.

லேப்காரன்
விரல் இளைத்தாலும் மோதிரம் நழுவும். சரி, தம்பிக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு எடையில் சி.ஆர்.பி. 12 வருவது அதிசயமில்லை. ஆனாலும் 10ஐத் தாண்டினால் சளி, ஈறு, சிறுநீர்த் தொற்று ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பதுதான் முறை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்_தம்பி
இப்போதுதான் அக்காவிடம் கேட்டேன். கடைவாய்ப்பல் ஒன்று மாசக்கணக்கில் குடைகிறதாம். டாக்டர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

வார்டு_அக்கா
முதலில் பல் டாக்டரிடம் கூட்டிப் போ. ஆனால் பி.எம்.ஐ. 44ஐப் பல்லைப் பிடுங்கிக் குறைக்க முடியாது, லேப்காரரே.

லேப்காரன்
முடியும் என்று நான் எங்கே சொன்னேன்?