வென்டிலேட்டரில் 7-வது நாள்: தொண்டையில் துளை இப்போதே போடலாமா, பொறுக்கலாமா?

மார்த்தாண்டம் மகள்:
அப்பாவுக்கு 63 வயது, நிமோனியா. நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறார், இன்று 7-வது நாள். காலையில் ஒரு டாக்டர் டிரக்கியாஸ்டமி (வாய் டியூபுக்குப் பதிலாகத் தொண்டையில் துளை போட்டு மூச்சுக் குழாய் வைப்பது) செய்துவிடலாம், கையெழுத்து போடுங்கள் என்றார். சாயங்கால டியூட்டிக்கு வந்தவர் இன்னும் மூன்று நாள் பார்ப்போம் என்கிறார். தொண்டையில் துளை போட்டால் ஆள் திரும்பி வரமாட்டார் என்று அம்மா அழுகிறாள். யார் பேச்சைக் கேட்பது?

ஐசியு சிஸ்டர், குழித்துறை:
கையெழுத்து போடுங்கள் என்றுதான் சொல்வேன். வாய் டியூபைக் கட்டும் நாடா உதட்டோரத்தை அறுத்துப் புண்ணாக்குவதை தினமும் பார்க்கிறேன். டியூபைக் கடிப்பார்கள், பிடுங்கப் பார்ப்பார்கள். அதற்காகவே மயக்க மருந்தை ஏற்றுகிறோம். மருந்து ஏறினால் ஆள் விழிப்பதில்லை, விழிக்காதவரை வென்டிலேட்டரிலிருந்து பிரிக்கவும் முடியாது. டிரக்கியாஸ்டமி செய்தபிறகு மருந்தைக் குறைத்ததும் கண் திறந்து மகனுக்குக் கையசைத்தவர்கள் உண்டு. அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தத் துளை காலத்துக்கும் இருப்பதில்லை. குழாயை எடுத்தபின் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும்.

மயக்க மருத்துவர், தக்கலை:
உதட்டுப் புண் உண்மைதான் சிஸ்டர். ஆனால் அவசரத்துக்கு ஆதாரம் இல்லை. பிரிட்டனில் நடந்த ட்ராக்மேன் ஆய்வு 2013-ல் வந்தது. 900 பேருக்கு மேல். ஒரு குழுவுக்கு முதல் 4 நாளுக்குள் துளை, மற்ற குழுவுக்கு 10 நாள் கழித்து, அதுவும் தேவைப்பட்டால் மட்டும். 30 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 30.8 சதவீதம், இரண்டாவதில் 31.5. வித்தியாசம் இல்லை. காத்திருந்த குழுவில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்குத்தான் கடைசியில் துளை போட்டார்கள் என்பதுதான் என் மனதில் நின்றது. மீதிப் பேரில் சிலர் இறந்தார்கள், ஆனால் பலர் துளையே இல்லாமல் தேறிவிட்டார்கள். யாருக்கு நெடுநாள் வென்டிலேட்டர் வேண்டியிருக்கும் என்று அனுபவமுள்ள டாக்டர்களாலேயே கணிக்க முடியவில்லை.

ஐசியு சிஸ்டர், குழித்துறை:
அதே ஆய்வில் சீக்கிரம் துளை போட்டவர்களுக்கு மயக்க மருந்து நாட்கள் குறைந்தன. அதை விட்டுவிட்டீர்கள் டாக்டர். செத்தவர் கணக்கு மட்டும் போதுமா? பொறுத்துப் பார்ப்போம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவீர்கள். ராத்திரி 2 மணிக்கு டியூபைப் பிடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நாங்கள்.

கருங்கல் பனையேறி மகன்:
எங்கள் அண்ணன் பனையிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. 5-வது நாளே துளை போட்டார்கள். பிறகு குழாயோடுதான் வீட்டுக்கு வந்தார். அண்ணி உள்குழாயைக் கழற்றிக் கழுவ, சளி உறிஞ்ச எல்லாம் படித்துக்கொண்டாள். கரண்ட் போகும் ராத்திரிகளுக்கு, காலால் மிதிக்கும் சக்‌ஷன் ஒன்று கட்டிலடியில் வைத்திருந்தோம். இன்னும் காத்திருந்தால் என்ன லாபம் வந்திருக்கும்? அக்கா, நீங்களும் போட்டுவிடுங்கள்.

மயக்க மருத்துவர், தக்கலை:
தம்பி, உங்கள் அண்ணன் விஷயத்தில் நானும் காத்திருக்கமாட்டேன். மேல்கழுத்தில் தண்டுவடம் அடிபட்டால் மூச்சுத் தசைக்கு பலம் சீக்கிரம் வராது என்பது முதலிலேயே தெரிந்துவிடும். நிமோனியா அப்படி இல்லை. இன்று சிரமப்படுபவர் நாலு நாளில் டியூபை விட்டு வெளியே வரலாம். துளையிலும் ஆபத்து உண்டு. ரத்தம் கசியலாம். முதல் வாரத்தில், வழி உறுதிப்படுமுன் குழாய் கழன்றால், திரும்ப உள்ளே போடுவது உயிர்ப்போராட்டம். சிஸ்டர் சொன்ன ராத்திரி 2 மணிப் போராட்டத்துக்கு என் பதில், மயக்க மருந்தை தினமும் காலையில் நிறுத்திப் பார்ப்பது.

மார்த்தாண்டம் மகளே, உங்கள் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் எத்தனை சதவீதத்தில் ஓடுகிறது, குறைத்துக்கொண்டு வர முடிகிறதா? மயக்க மருந்தை நிறுத்தி, சொந்தமாக மூச்சுவிடுகிறாரா என்று பார்த்தீர்களா? சளியைத் தள்ளும் அளவுக்கு இருமுகிறாரா?

ஐசியு சிஸ்டர், குழித்துறை:
தினமும் நிறுத்திப் பார்க்க ஆள் வேண்டும் டாக்டர். ராத்திரி ஷிப்டில் நாலு பெட்டுக்கு ஒரு சிஸ்டர் நிற்கும் இடங்களில் அது ஏட்டோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் சீக்கிரம் போடச் சொல்கிறேன். ஆனால் அந்த மூன்று கேள்வியும் சரிதான்.

மார்த்தாண்டம் மகள்:
கேட்டேன். ஆக்சிஜன் 40-க்கு இறங்கியிருக்கிறது. சக்‌ஷன் போடும்போது நன்றாக இருமுகிறாராம். மயக்க மருந்தை ஒருமுறைகூட முழுசாக நிறுத்திப் பார்க்கவில்லையாம். நாளைக் காலை 6 மணிக்கு நிறுத்தி, விழித்ததும் அரை மணி நேரம் சொந்த மூச்சில் விட்டுப் பார்ப்பார்களாம். இரண்டு மூன்று நாள் பார்த்தும் முடியவில்லை என்றால் கையெழுத்து போடுகிறேன். துளை மூடிவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் இன்றுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

ஐசியு சிஸ்டர், குழித்துறை:
6 மணிக்கு விசிட்டிங் நேரமாக இருக்காது. கேட்டு உள்ளே போய் நில்லுங்கள். அப்பா கண் திறக்கும்போது கை டியூபுக்குத்தான் போகும். கையைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிப் பேசுங்கள்.