நாலு பிராசஸர் போட்டும் சர்வர் ஓடாத கதை, உங்களுக்கும் உண்டா?

லினக்ஸ் 2.4 கெர்னல் காலத்து அனுபவம் இது. ஜாவாவில் எழுதிய ஒரு சாட் சர்வர், இணைப்புக்கு ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) என்று ஆயிரக்கணக்கில் த்ரெட். ஒற்றை பிராசஸர் பெட்டியில் திணறுகிறதே என்று நாலு பிராசஸர் பெட்டியைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினோம். கூட்டம் குறைவாக இருந்தவரை பறந்தது, கூட்டம் ஏறியதும் பழைய பெட்டிக்குக் கொஞ்சம்தான் மேல். டாப் கமாண்டில் பார்த்தால் நாலும் முழுமூச்சாக ஓடுகின்றன, ஆனால் பாதிக்கு மேல் சிஸ்டம் நேரம், அதாவது எங்கள் கோடுக்கு இல்லாமல் கெர்னலுக்கே போன நேரம்.

கெர்னலுக்குள் எங்கே நேரம் போகிறது என்று ப்ரொஃபைல் எடுத்தால் உச்சியில் உட்கார்ந்திருந்தது, அடுத்து எந்த த்ரெட் ஓடுவது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலரேதான். 2.4-இல் ஓடத் தயாராக நிற்கும் த்ரெட் அத்தனைக்கும் ஒரே வரிசை, அதை ஒரு நேரத்தில் ஒரு பிராசஸர் மட்டும் தொடவிடும் ஒரே லாக். அடுத்து யார் என்று தேர்ந்தெடுக்க ஒவ்வொரு தடவையும் வரிசை முழுவதையும் நடந்து, ஒவ்வொன்றுக்கும் 'குட்னெஸ்' என்று மார்க் போடும். கடைசியாக இதே பிராசஸரில் ஓடியிருந்தால் 15 மார்க் கூடுதல், இப்போது ஓடுவதன் மெமரியையே பகிர்ந்தால் இன்னும் 1. எங்கள் த்ரெட் எல்லாம் ஒரே மெமரி, அதனால் அந்த 1 எல்லோருக்கும் கிடைத்தது, ஒருவருக்கும் உதவவில்லை! ஒற்றை பிராசஸரில் இந்த நடைக்கு மட்டும்தான் செலவு. நாலு இருக்கும்போது ஒன்று நடக்க, மற்ற மூன்றும் லாக்குக்காகச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

2002 தொடக்கத்தில் கெர்னல் டெவலப்பர் இங்கோ மோல்னாரின் ஓ(1) ஷெட்யூலர் வந்தது, எத்தனை த்ரெட் நின்றாலும் தேர்ந்தெடுக்க ஒரே அளவு வேலைதான். பிராசஸருக்கு ஒரு வரிசை, 140 முன்னுரிமைப் படிகள், எந்தப் படியில் ஆள் இருக்கிறது என்பதை ஒரு பிட்மேப் (படிக்கு ஒரு பிட்) சொல்லிவிடும். 2003 டிசம்பரில் 2.6 வந்ததும் அதே பெட்டியில் அதே சர்வரை ஏற்றினோம், சிஸ்டம் நேரம் அப்படியே இறங்கியது. எங்கள் கோடில் ஒரு வரி மாற்றவில்லை.

*

எனக்கு நடந்தது தலைகீழ். வாரக்கணக்கில் ஷெட்யூலரைத் திட்டினேன், குற்றவாளி நான்தான். எட்டு த்ரெட்டுக்கு எட்டு கவுன்ட்டர், எல்லாம் ஒரே அரேயில் அடுத்தடுத்து, அதாவது ஒரே 64 பைட் கேஷ் லைனில் (கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் அளவு). ஒரு கோர் தன் கவுன்ட்டரைத் தொட்டாலே மற்ற கோர்களின் கேஷில் அந்த லைன் செல்லாது. டாஸ்க்செட் கமாண்டைப் போட்டு எல்லா த்ரெட்டையும் ஒரே கோரில் அடைத்தபோது வேகம் கூடியது, அப்போதுதான் உறைத்தது.

*

மேலே இருவரும் சொன்னது பழைய பெட்டிக் கதை, இது கன்டெய்னர் (ஒரே மெஷினில் அளவு போட்டுப் பிரித்து ஓட்டும் பெட்டி) கதை. 64 கோர் மெஷினில் என் கன்டெய்னருக்கு 4 கோர் ஒதுக்கீடு. உள்ளே புரோகிராமை ஓட்டும் ரன்டைமுக்கு அது தெரியாது, 64 கோரைப் பார்த்து 64 த்ரெட் கிளப்பிவிட்டது. கோட்டா கணக்கு 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதில் எனக்கு 400 மில்லிசெகண்ட் சிபியூ நேரம். 64 த்ரெட்டும் சேர்ந்து அதை 6 மில்லிசெகண்டில் தின்று தீர்த்துவிட்டு மீதி 94-க்கும் முடங்கிக் கிடந்தன. சராசரி சிபியூ கிராஃப் வேறு பாவம் போல அமைதியாக இருந்தது. ஒதுக்கீட்டைக் கணக்குப் பார்க்கும் லினக்ஸ் சிகுரூப்பின் சிபியூ.ஸ்டாட் ஃபைலில், இப்படி முடக்கப்பட்ட தடவைகளைச் சொல்லும் த்ராட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த பிறகுதான் த்ரெட்டை 4 ஆக்கினேன், அன்றைக்கே சரியானது.