உள்ளூர்ப் பேரிடர்த் திட்டத்தை இணைய வரைபடத்தில் ஏற்றுவது: எந்தக் கருவி, எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: கரைவாழ்நர்

வணக்கம். ஆற்றின் கரையை ஒட்டி அமைந்த ஒரு குடியிருப்பின் பேரிடர் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். நிவாரண முகாமாகப் பயன்படக்கூடிய கட்டடங்கள், படகு வைத்திருப்போர், ஜெனரேட்டர் உள்ள இடங்கள், முதலில் மூழ்கும் தெருக்கள் ஆகிய அனைத்தும் எங்கள் திட்ட அறிக்கையில் பட்டியல்களாக உள்ளன. இங்கு வாழ்வோருக்கு அவை புரியும். ஆனால் நள்ளிரவில் வெளியிலிருந்து வந்து சேரும் மீட்புக் குழுவினரால் அப்பட்டியலைக் கொண்டு ஒரு தெருவைக்கூடக் கண்டுபிடிக்க இயலாது. எனவே இவற்றை இணைய வரைபடம் ஒன்றில் ஏற்ற முடிவு செய்திருக்கிறோம். எங்களுள் நிரல் எழுதத் தெரிந்தவர் எவரும் இல்லை. கட்டண மென்பொருள் வாங்கும் நிலையிலும் நாங்கள் இல்லை.

மூன்று ஐயங்கள் உள்ளன. எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அதன்மேல் நம் குறிகளை இட உதவும் யூமேப், கூகுள் மை மேப்ஸ், கணினியில் நிறுவும் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவுகளைக் கொண்டு, வெள்ளம் எந்தத் தெரு வரை வரும் என்பதை நாங்களே வரைந்துவிடலாமா? மின்சாரமும் செல்பேசி இணைப்பும் அற்றுப்போகும் வேளையில் இணைய வரைபடத்தால் என்ன பயன்?

மறுமொழி: திறந்த வரைபடத் தன்னார்வலர்

கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன், நீங்கள் குறிக்க விரும்புபவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாலை, பாலம், சந்து, பள்ளி, மருத்துவமனை, குடிநீர்த் தொட்டி போன்றவை எக்காலத்திலும் எவருக்கும் பயன்படும் நிலையான விவரங்கள். இவற்றை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். உலகின் எந்த மூலையிலிருந்து வரும் மீட்புக் குழுவும் தன் செயலியில் அவற்றைக் காணும். முகாமில் எத்தனை பேர் தங்கலாம், சாவி யாரிடம் இருக்கிறது, எந்தச் சாலை இன்று மூழ்கியிருக்கிறது என்பன உங்கள் குழுவின் செயல்பாட்டு விவரங்கள். அவற்றை அங்கே சேர்க்கக் கூடாது. சில மணி நேரத்தில் மாறிவிடும் செய்திகளுக்கு அத்தளம் ஏற்றதன்று; அதன் தரவை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் செயலிகளில், நீர் வடிந்து பல வாரங்கள் ஆன பின்னும் அந்தச் சாலை மூடியதாகவே காட்டப்படும். செயல்பாட்டு விவரங்களுக்கு யூமேப் போதுமானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பின்னணியாக வைத்து, முகாம்கள் ஓர் அடுக்கு (லேயர்), படகுகள் ஓர் அடுக்கு, மூடிய சாலைகள் ஓர் அடுக்கு என அமைத்துக்கொள்ளலாம். நிரல் அறிவு தேவையில்லை. கூகுள் மை மேப்ஸும் எளிதுதான் என்றாலும், பின்னணியில் விடுபட்ட ஒரு சந்தினை நீங்களே உடனடியாக வரைந்து சேர்க்கும் வசதி அதில் இல்லை. உள்ளூர்த் திட்டத்துக்கு அந்த விடுபட்ட சந்துதான் பெரும்பாலும் முக்கியமானது.

அடிப்படை வரைபடத்தை இப்போதே நிரப்பிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்தியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தலைநகர் போர்ட்டோபிரின்சுக்கான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு மிகவும் சொற்பமாகவே இருந்தது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களுக்குள் நகரின் தெருக்களை வரைந்து கொடுத்தனர். களத்திலிருந்த மீட்பாளர்கள் அவற்றைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டனர். இப்போதும் போற்றத்தக்க பணி அது. ஆயினும் மேலிருந்து பார்த்து வரைபவருக்குக் கூரைதான் தெரியும். அக்கூரையின் கீழ் இருப்பது பள்ளியா, கிடங்கா என்பது தெரியாது. நேபாளத்தில் நிலைமை வேறாக இருந்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே காட்மாண்டு லிவிங் லேப்ஸ் அமைப்பினர் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நேரில் சென்று குறித்து வந்திருந்தனர். ஆகவே தொலைவிலிருந்து உதவ வந்தவர்களுக்குக் கட்டி எழுப்புவதற்கு ஓர் அடித்தளம் இருந்தது. கூரையின் கீழ் இருப்பதை அறிந்தவர்கள் நீங்கள் மட்டுமே. அதை முதலில் செய்யுங்கள்.

மறுமொழி: நீரியல் பொறியாளர்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை கூறுகிறேன். இலவச உயரத் தரவைக் கொண்டு தெரு அளவில் வெள்ள எல்லையை வரையாதீர்கள். பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்டிஎம் தரவு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீட்டர் அகலம் கொண்டது. அதில் பதிவாகியிருப்பதும் பல இடங்களில் தரையின் உயரமன்று, மரங்கள், கூரைகள் ஆகியவற்றின் உயரம். பிழை சில மீட்டர் வரை இருக்கக்கூடும். ஒரு வீட்டின் வாசலுக்குள் நீர் நுழைவதையும் நுழையாமல் நிற்பதையும் தீர்மானிப்பது அரை மீட்டர் வேறுபாடு. எனவே அத்தரவிலிருந்து வண்ணம் தீட்டிய வரைபடம் பார்ப்பதற்கு நம்பகமாகத் தோன்றும்; ஆபத்து அங்கேயே தொடங்குகிறது, ஏனெனில் நிறமிடப்படாத பகுதியில் இருப்பவர் தமக்கு இடர் இல்லை என்று எண்ணி வெளியேறாமல் இருந்துவிடுவார்.

உங்களிடம் அதைவிடச் சிறந்த தரவு இருக்கிறது. முந்தைய வெள்ளங்களில் நீர் எதுவரை ஏறியது என்பதை வீட்டுச் சுவர்களில் உள்ள கறைகளும் அங்கு நெடுங்காலம் வாழ்ந்த முதியவர்களின் நினைவும் சொல்லும். கோபோடூல்பாக்ஸ் செயலியில் ஒரு சிறு படிவம் உருவாக்குங்கள்: இடம், ஆண்டு, தரையிலிருந்து நீர் ஏறிய உயரம், சொன்னவர் நேரில் கண்டவரா கேட்டறிந்தவரா, ஒரு புகைப்படம். இணைப்பு இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பிவிட்டுப் பின்னர் அனுப்பலாம். செல்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்துடன் இடத்தைக் காட்டும். ஆனால் அது தரும் உயரத்தை நம்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களின் உயர வேறுபாட்டை அறிய, நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் முறையே போதுமான துல்லியம் உடையது.

இக்குறிகளை ஆற்றின் நீர்மட்ட அளவுகோலுடன் இணைப்பதுதான் இப்பணியின் உயிர்நாடி என்று கருதுகிறேன். அளவுகோலில் நீர் இந்தக் கோட்டைத் தொட்டால் எந்தத் தெருவில் முதலில் நுழையும், அதற்கடுத்த கோட்டில் எந்தச் சாலை துண்டிக்கப்படும் என்பதை ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அடுக்காக வரைந்து வைத்தால், எச்சரிக்கை கிடைத்த உடனேயே எவரை வெளியேற்றுவது என்று உங்களால் முடிவெடுக்க இயலும்.

செயற்கைக்கோள் படங்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அதன் படங்கள் இலவசம். ஆனால் ஒரே இடத்துக்கு அது சில நாட்களுக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். திறந்த வயல்வெளியில் தேங்கிய நீர் அதில் கருமையாகத் தெளிவாகத் தெரியும். நெருக்கமான வீடுகளுக்கிடையே தேங்கிய நீரோ, சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் தெரியாமல் போகக்கூடும். வெள்ளத்துக்குப் பின் உங்கள் அடுக்குகளைச் சரிபார்க்க அது உதவும். மீட்புப் பணியை நடத்த உதவாது. பேரிடர் வேளையில் செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் வழங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் அவசரகால வரைபடச் சேவையையும், விண்வெளி அமைப்புகளின் உடன்பாடான பன்னாட்டு விண்வெளிச் சாசனத்தையும் தனிக் குழுக்கள் நேரடியாக அழைக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட அரசு அமைப்புகளின் வழியாகவே வேண்டுகோள் செல்ல வேண்டும். அந்த வேண்டுகோளை விடுக்கும் பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதை மழைக்கு முன்பே அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்

இணைப்பு அற்றுப்போவதைப் பற்றி: இணைய வரைபடத்தைத் தயாரிக்கும் இடமாகக் கொள்ளுங்கள்; களத்தில் பயன்படுவது அதன் நகல்கள். யூமேப்பிலிருந்து தரவைக் கேஎம்எல் கோப்பாக இறக்கி ஆர்கானிக் மேப்ஸ் செயலியிலோ, ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி ஆஸ்மேண்ட் செயலியிலோ ஏற்றிவிட்டால், இணைப்பு இல்லாமலேயே குறிகளும் வழிகளும் தெரியும். கியூஜிஐஎஸ் உங்களுக்குத் தேவைப்படுவது அச்சுக்காகத்தான். கட்டக் கோடுகளும் கட்ட எண்களும் இட்டுப் பெரிய தாளில் அச்சிட்டு, நீர் புகாத உறையில் வைத்து, தேதியைப் பெரிதாக எழுதுங்கள். தேதியற்ற வரைபடத்தை எங்கள் அறையில் நாங்கள் மேசையில் விரிப்பதே இல்லை. வானொலிக் கருவியில் பேசும்போது "நான்காம் கட்டம், பாலத்தின் வடக்கே" என்று சொல்வதற்குக் காகிதத்தைவிட விரைவான கருவி எதுவும் கிடையாது.

ஆயத்தொலைவுகளில் ஓர் ஒழுங்கைக் கட்டாயமாக்குங்கள். மனிதர்கள் அட்சரேகையை முதலில் சொல்வார்கள். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்போ தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. இடம் மாறினால் உங்கள் முகாம் வேறொரு கண்டத்திலோ நடுக்கடலிலோ போய் அமர்ந்துவிடும். பாகை, கலை, விகலை (டிகிரி, நிமிடம், வினாடி) வடிவத்தைத் தவிர்த்துப் பதின்ம வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் ஏறத்தாழ 11 மீட்டரையும், ஐந்து இலக்கங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டரையும் சுட்டும், ஐந்து போதும்.

வெள்ள நாளில் வந்து குவியும் செய்திகளுக்கு நான்கு விவரங்களைத் தவறாமல் பதியுங்கள்: செய்தி வந்த நேரம், நிகழ்ந்த நேரம், சரிபார்க்கப்பட்டதா, முடிக்கப்பட்டதா. கென்யாவில் 2008-இல் உருவான உஷாஹிடி தளத்துக்குப் பின், பொதுமக்கள் அனுப்பும் செய்திகளை வரைபடத்தில் திரட்டுவது எங்கும் பரவிவிட்டது. செய்தியைத் திரட்டுவது எளிது, ஒரே வீட்டைப் பற்றி ஐவர் அனுப்பிய செய்திகளை ஒன்றாக்குவதும், மீட்கப்பட்டவரின் குறியை நீக்குவதும்தான் ஆள் தேவைப்படும் வேலை. படகு ஓட்டுபவர்களிடம் அதை ஒப்படைக்காதீர்கள். வேறிடத்தில், மின்சாரம் உள்ள ஊரில் இருக்கும் இருவரை அதற்கென்றே முன்கூட்டி ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வியாளர்: கரைவாழ்நர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அளவுகோல் கோடுகளுக்கு ஏற்ப அடுக்குகள் அமைக்கும் யோசனையை இவ்வாரக் கூட்டத்தில் முன்வைக்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: படுக்கையில் இருப்போர், தனியாக வாழும் முதியவர்கள், ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்போர் ஆகியோரின் வீடுகளை வரைபடத்தில் குறிக்கலாமா? முதலில் மீட்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.

மறுமொழி: கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்

குறிக்க வேண்டும், ஆனால் பொது வரைபடத்தில் ஒருபோதும் கூடாது. தனியாக வாழும் முதியவரின் வீடு எது என்பதை இணையத்தில் வெளியிடுவது, வெள்ளம் இல்லாத மற்ற நாட்களில் அவரைத் திருடர்களுக்குக் காட்டிக்கொடுப்பதாகும். அவரிடமோ குடும்பத்தினரிடமோ ஒப்புதல் பெற்று, தனியான ஒரு வரைபடத்தில், பெயரோ நோயோ இல்லாமல், "தூக்குக் கட்டில் தேவை", "மின்சாரம் தேவை" என்று மீட்பாளர் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுங்கள்.

மறுமொழி: திறந்த வரைபடத் தன்னார்வலர்

அதற்கு யூமேப்பில் கணக்குடன் உள்நுழைந்து வரைபடத்தை உருவாக்கி, பார்க்கும் உரிமையையும் திருத்தும் உரிமையையும் குழுவினருக்கு மட்டும் கொடுங்கள். கணக்கு இல்லாமல் உருவாக்கினால் ஒரு இரகசியத் திருத்த இணைப்பு கிடைக்கும். அவ்விணைப்பு யாருடைய கைக்குப் போனாலும் அவர் வரைபடத்தை மாற்றிவிடலாம். சர்வர் நம்முடையதன்று என்பதால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் முழுத் தரவையும் இறக்கி இருவரின் கணினிகளில் வைத்திருங்கள்.