கற்சுவரில் ஒரு கறுப்புக் கோடு

அயர்லாந்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கால்வே மாவட்டத்தில், வடிகால் வடிவமைப்பில். வந்து சேர்ந்த செப்டம்பரிலேயே கோர்ட் என்ற சிறு நகருக்கு வெளியே ஓர் இடத்தைப் பார்த்துவர அனுப்பினார்கள். பன்னிரண்டு வீடுகள் கட்டப்போகிறார்கள். அவற்றின் மழைநீரை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. பக்கத்தில் கிண்ணம்போலத் தாழ்ந்த ஒரு புல்வெளி. மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மண்ணில் ஈரமே இல்லை. உறிஞ்சுகுழிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது என்று வரைபடத்தில் வட்டம் போட்டுவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு விவசாயி என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். எழுபதைத் தாண்டியவர். நான் ‘சார்’ என்று தொடங்கியதும் தடுத்துத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். வரைபடத்தைக் காட்டினேன். எதுவும் பேசாமல் என்னைச் சுவரோரமாக அழைத்துப்போனார். அந்தப் பகுதியில் வேலியெல்லாம் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்தான். இடுப்பு உயரத்தில் உள்ளங்கையை வைத்தார். கைக்குக் கீழே கற்கள் கறுத்திருந்தன. மேலே சாம்பல் கலந்த வெள்ளை. யாரோ நூல் பிடித்துக் கோடு கிழித்ததுபோல் இருந்தது. கறுப்பாகத் தெரிந்தது பாசி. விரலால் தொட்டால் காய்ந்த தேங்காய் நார்போலச் சொரசொரத்தது. குளிர்காலத்தில் தண்ணீர் வழக்கமாக நிற்கும் உயரம் வரைக்கும் அந்தப் பாசி படரும் என்றார். கோட்டிலிருந்து மேல்நோக்கிக் கற்களை எண்ணி, மூன்றாவது கல்லைத் தட்டி, 2009 நவம்பரில் இதுவரை வந்தது என்றார்.

இந்த நிலத்துக்கு ‘டர்லாக்’ என்று பெயர். ஐரிஷ் மொழியில் வறண்ட ஏரி என்று பொருள். கிழக்கே ஸ்லீவ் ஆக்டி மலைகளில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி வந்து, சுண்ணாம்புப் பாறைத் தரையைத் தொட்டதும் மண்ணுக்குள் போய்விடுகிறது. கோர்ட் ஆறே அப்படித்தான்: மறையும், தலை காட்டும், மறுபடி மறையும். கடைசியில் கின்வாரா கடற்கரையில் ஊற்றாக வெளியே வருகிறது. மழை மிகுந்து பாறைக்குள் இருக்கும் வழிகள் நிரம்பிவிட்டால், கோடையில் தண்ணீரை விழுங்கிய அதே துளை குளிர்காலத்தில் தண்ணீரைக் கக்கும். நான் வட்டம் போட்டிருந்த இடத்துக்கு இருபதடி தள்ளி, முட்புதருக்கு அடியில் இருந்த அந்தத் துளையையும் அவர் காட்டினார். உறிஞ்சுகுழி என்று நான் நினைத்தது உண்மையில் ஏரியின் வாய்.

ஜனவரியில் மறுபடி போனேன். புல்வெளியைக் காணவில்லை. வாயிற்கதவின் மேல்கம்பி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நடுவில், ஐஸ்லாந்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் அன்னங்கள். தண்ணீர் கறுப்புக் கோட்டுக்கு ஒரு கல் கீழே நின்றது.

ஊரில் என் தாத்தா, ஏரிக் கலங்கலின் எந்தப் படியில் தண்ணீர் நின்றால் எந்த வயல் வரைக்கும் பாயும் என்று சொல்லுவார். கல்லூரியில் படித்த நான்கு ஆண்டுகளில் அவரிடம் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கவில்லை. அந்த ஜனவரி மாலையில் அது நெஞ்சை அறுத்தது.

இங்கே கட்டட அனுமதி தேவைப்படும் எந்தத் திட்டத்துக்கும் அந்த இடத்திலேயே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். விண்ணப்பம் போன நாளிலிருந்து ஐந்து வாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் 20 யூரோ கட்டித் தங்கள் கருத்தை எழுதித் தரலாம். எங்கள் திட்டத்துக்கு ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒன்றில் 2009 வெள்ளத்தின் புகைப்படம்: சமையலறை வாசலில் மணல்மூட்டை, படியில் ரப்பர் பூட்ஸ். அந்தக் கடிதங்களில் கேட்காத கேள்வியே இல்லை. நாங்கள் தரைமட்டத்தை உயர்த்தினோம், உறிஞ்சுகுழியைக் கைவிட்டோம், இரண்டு வீடுகளைக் குறைத்தோம். திட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி மனம் ஒப்பவில்லை. கால்வே நகரத்தில் காலை நெரிசலில் கொரிப் ஆற்றைக் கடப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். சுற்றுச்சாலைக்கு 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்தது; நீதிமன்றத்தில் அது ரத்தாகி மறுபரிசீலனைக்குப் போனது. வீடு கிடைக்காமல் இளைஞர்கள் நாட்டை விட்டே போகிறார்கள். இவ்வளவு தேவை இருக்கும் நாட்டில் கேள்வி கேட்கும் உரிமையும் வேண்டும், பதில் சொல்வதற்குக் காலக்கெடுவும் வேண்டும். இரண்டாவது நடைமுறையில் இன்னும் கைகூடவில்லை என்பது என் உறுதியான கருத்து.

2025 ஜனவரி 24 அன்று ஏயோவின் புயல் அடித்தது. மேஸ் ஹெட் வானிலை நிலையத்தில் காற்று மணிக்கு 184 கிலோமீட்டர். இந்த நாட்டில் அதுவரை பதிவானதிலேயே உச்ச வேகம். 7,68,000 இணைப்புகளில் மின்சாரம் போனது. கிராமப்புறத்தில் வீடுகள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதால், மரக்கம்பங்களில் கம்பி மைல்கணக்கில் ஓடுகிறது. தோட்டமரம் ஒன்று சாய்ந்தாலும் பத்து வீடு இருண்டுவிடும். மின்சாரம் போனால் கிணற்று மோட்டார் ஓடாது. அதோடு தண்ணீரும் போச்சு. எங்கள் வீட்டில் ஆறு நாள்.

இரண்டாம் நாள் காலை கதவு தட்டும் சத்தம். அதே பெரியவர். டிராக்டரில் இருபது லிட்டர் கேன்கள் நான்கு, ஒரு கேஸ் அடுப்பு. குழந்தைக்குப் பால் காய்ச்ச வழியிருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன் என்றார். கேலிக் விளையாட்டுக் கழகக் கட்டடத்தில் ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள், வெந்நீர்க் குளியலும் சூப்பும் உண்டு, போய் வாருங்கள் என்றார். போனோம். ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டின் மட்டைகள் சாய்த்து வைத்திருந்த சுவரோரம் நாற்பது கைபேசிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய காகிதத்துண்டு. என் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு பள்ளி மாணவி மூன்று முறை கேட்டுச் சரியாக எழுதினாள்.

வீடுகள் கட்டி முடிந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அக்டோபர் பிறந்தால் அந்தப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் வழியில் சுவரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார். அதைத் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் வந்தது: ‘கோட்டுக்கு நான்கு கல் கீழே. அன்னங்கள் வந்துவிட்டன.’