நைட்ரஜனை நீக்கியும் ஆட்டோஃபேஜி தொடங்கவில்லை, ஈஸ்டில் என்ன கோளாறு?

கேள்வி: ஹெப்பால் மாணவி

வணக்கம். பெங்களூரில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன். பட்டினியில் செல் உறுப்புகள் வாக்குவோலோடு (ஈஸ்ட் செல்லின் செரிமானப் பை) எப்படித் தொடர்பு வைத்துக்கொள்கின்றன என்பதுதான் தலைப்பு. பிஒய்4741 என்ற ஈஸ்ட் ஸ்ட்ரெயினில் யுரா3 பிளாஸ்மிட் (செல்லுக்குள் ஏற்றிய டிஎன்ஏ வளையம்) வழியாக ஜிஎஃப்பி-ஏடிஜி8 இருக்கிறது; ஆட்டோஃபேஜியில், அதாவது செல் தன் பகுதிகளையே வாக்குவோலில் செரிக்கும்போது, உள்ளே போகும் ஏடிஜி8 புரதத்தோடு பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பியை ஒட்டியது அது. செல்களைக் கழுவி, நைட்ரஜன் இல்லாத மீடியத்துக்கு மாற்றினேன். அதில் லிட்டருக்கு ஒய்என்பி (ஈஸ்ட் வளர்ப்புக்கான உப்பு-வைட்டமின் பொடி) 6.7 கிராம், குளுக்கோஸ் 20 கிராம். செல் சாகக்கூடாதென்று ஹிஸ்டிடின், லூசின், மெத்தியோனின். 4 மணி நேரம் கழித்தும் வாக்குவோல் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும்தான், உள்ளே இருட்டு. குளுக்கோஸ் நீக்கிய மீடியத்திலும் அதே கதை. பிளாஸ்மிட் கெட்டுவிட்டதா?

பதில்: ஈஸ்ட் அண்ணன்

பிளாஸ்மிட் நன்றாக இருக்கிறதும்மா. ஆட்டோஃபேஜோசோம் (செரிக்கவேண்டியதைச் சுற்றிக்கொள்ளும் சவ்வுப் பை) உருவாகும் இடம்தான் அந்தப் புள்ளி; நன்றாகச் சாப்பிடும் செல்லிலும் அது தெரியும். எனக்குச் சந்தேகம் மீடியத்தின் மேல்தான். 6.7 கிராம் என்றாலே அதில் 5 கிராம் அமோனியம் சல்ஃபேட், அதுவே நைட்ரஜன். புட்டியில் 'அமினோ அமிலம் இல்லாதது' என்று மட்டும் போட்டிருக்கும், பாருங்கள். அமோனியம் சல்ஃபேட்டும் இல்லாத ஒய்என்பி வேண்டும், லிட்டருக்கு 1.7 கிராம். அந்த மூன்று அமினோ அமிலங்களையும் விட்டுவிடுங்கள், அவையும் நைட்ரஜன்தானே. சில மணி நேரத்தில் செல் செத்துவிடாது.

வாக்குவோல் சவ்வில் இருக்கும் டார்க்1 என்ற புரதக் கூட்டு, நைட்ரஜன் கிடைக்கும்வரை ஆட்டோஃபேஜியைத் தொடங்க உதவும் ஏடிஜி13 புரதத்தின் மேல் பாஸ்ஃபேட் ஏற்றி அடக்கி வைக்கும். நைட்ரஜன் போனால்தான் அந்தப் பிடி தளர்ந்து, அதன் கூட்டாளி நொதி ஏடிஜி1 வேலையைத் தொடங்கும்.

ஹெப்பால் மாணவி

புட்டியில் அமோனியம் சல்ஃபேட் இருக்கிறது அண்ணா, நன்றி! ஆனால் குளுக்கோஸ் இல்லாததும் பட்டினிதானே, அங்கே ஏன் பச்சையாகவில்லை?

பதில்: சவ்வு அக்கா

அது வேறு பட்டினி. குளுக்கோஸைத் திடீரென்று எடுத்தால், சில நிமிடங்களிலேயே வாக்குவோலுக்குள் அமிலம் ஏற்றும் பம்பான வி-ஏடிபேஸின் வி1 பகுதி வாக்குவோல் சவ்விலிருந்து கழன்றுவிடும், வாக்குவோலின் அமிலத்தன்மை குறையும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியும் சரியும், ஆட்டோஃபேஜிக்கு ஏடிபி வேண்டும். அதனால் உங்களுக்குக் கிடைத்தது சரியான விடைதான்.

உங்கள் தலைப்புக்கு ஏடிஜி8 மட்டும் போதாது என்பேன். என்விஜே1 புரதத்தையும் பாருங்கள். கரு உறையில் இருக்கும் அது வாக்குவோலின் வாக்8 புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டினியில் அந்த ஒட்டுமிடம் பெரிதாகும். மைட்டோகாண்ட்ரியா பக்கம் இன்னும் சுவாரசியம். எண்டோபிளாச வலையோடு அதைக் கட்டிவைக்கும் எர்மெஸ் என்ற புரதக் கூட்டு 2009-இல் தெரியவந்தது. அது இல்லாவிட்டால் வாக்குவோல்-மைட்டோகாண்ட்ரியா தொடர்பு விரிந்து ஈடுகட்டும். இரண்டையும் எடுத்தால் செல் பிழைக்காது.

ஈஸ்ட் அண்ணன்

ஒரு கன்ட்ரோல் போடுங்கள்: நைட்ரஜனும் குளுக்கோஸும் உள்ள சாதாரண எஸ்டி மீடியத்திலேயே ராபமைசின் 200 நானோமோலார். டார்க்1 அடங்கி வாக்குவோல் முழுக்கப் பச்சையாக வேண்டும். ஜிஎஃப்பி அங்குள்ள புரோட்டியேஸ்களுக்கு (புரதத்தை வெட்டும் நொதிகள்) சட்டென்று அழியாது. உள்ளே மிதக்கும் ஆட்டோஃபேஜிக் பாடிகளே (வாக்குவோலுக்குள் வந்துசேர்ந்த பைகள்) தெரிய வேண்டுமென்றால் புரோட்டியேஸ் மரபணுவான பெப்4 நீக்கிய ஸ்ட்ரெயின், அல்லது புரோட்டியேஸைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார். ஓசுமி குழு 1992-இல் அவற்றைப் பார்த்ததும் புரோட்டியேஸ் குறைந்த செல்களில்தான். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் சிதையும், ஐசோபுரோப்பனாலில் கரைத்து வைத்து, செல்களில் கடைசி நேரத்தில் சேருங்கள்.