ஆய்வேட்டை மூன்று நிமிடத்தில் சொல்வதற்கு ஒரு சொல்

வணக்கம்.

ஆய்வு மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘திரீ மினிட் தீசிஸ்’ என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முனைவர் பட்ட மாணவர் மேடையேறி, அசையாத ஒரே ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு, துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தம் ஆய்வைச் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். ‘மும்மணித்துளி ஆய்வேடு’ என்று எழுதி வைத்தேன். வாயில் நுழையவில்லை. வேறு சொல் உண்டா?

*

> மும்மணித்துளி ஆய்வேடு

மும்மணி என்றதும் மும்மணிக்கோவை என்ற சிற்றிலக்கியம்தான் காதில் விழுகிறது ஐயா. ‘துளி’ வந்து சேர்வதற்குள் வாசகர் மாணிக்கத்துக்குப் போய்விடுவார். நிமிடம் வடசொல் என்று யாராவது தள்ளலாம். ஆனால் பேருந்துக்காக நிற்பவர் யாரும் ‘இன்னும் எத்தனை மணித்துளி’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. முந்நூறு, முந்நீர் போல முந்நிமிடம் என்போம். பிறகு, ஆய்வேடு என்பது அட்டை போட்டு நூலகத்தில் இருப்பது. மேடையில் நடப்பதோ பேச்சு. என் வாக்கு ‘முந்நிமிட ஆய்வுரை’க்கு.

*

> முந்நிமிட ஆய்வுரை

ஏடு போய் உரை வந்தது சரி. மூன்றைத்தான் விட மாட்டேன் என்கிறீர்கள்!

அந்த மூன்று வந்த கதை வேடிக்கையானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கடும் வறட்சி. தண்ணீரைச் சேமிக்கக் குளியலைச் சுருக்கச் சொன்னார்கள். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிடக் கருவியைப் பல வீடுகளில் குளியலறைச் சுவரில் மாட்டிவைத்தார்கள். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கல்விக்குத் தலைவராக இருந்த ஆலன் லாசனுக்கு அங்கிருந்துதான் யோசனை பிறந்தது. 2008-இல் முதல் போட்டி நடந்தது. ஆக அது குளியல் கணக்கு. நாளை வேறொருவர் ஐந்து நிமிடம் கொடுத்தால் அதற்குத் தனிச்சொல் ஆக்குவோமா?

2012-இல் கனடாவின் கியூபெக்கில் இதையே பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர்கள் ‘என் ஆய்வேடு, 180 வினாடிகளில்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களும் நேரத்தை விடவில்லையே என்று மடக்குவீர்கள். போட்டியின் பெயரில் நேரம் இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. நாம் தேடுவது அந்த வகைப் பேச்சுக்கான பொதுப்பெயர்.

ஒரு நூலுக்கு நன்னூல் சொல்லும் பத்து அழகில் முதல் இரண்டு: சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல். பத்துக் குற்றத்தில் முதலாவது குன்றக் கூறல், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. இந்தப் பேச்சுக்கு வேறு இலக்கணம் எதற்கு? ‘சுருக்குரை’ என்கிறேன். எங்கள் பக்கம் ‘சுருக்கா வா’ என்றால் விரைந்து வா என்று பொருள். அதுவும் சேர்ந்தே ஒலிக்கிறது.

*

சுருக்குரை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் இப்படி ஒரு மேடையில் பேசியவள் என்பதால் ஒரு தயக்கம். ஆய்வேட்டுக்கு முன்னால் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வுச் சுருக்கத்தைத்தான் முதலில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒத்திகை கேட்ட தோழிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 80,000 சொல் ஆய்வேட்டைப் பேசி முடிக்க 9 மணி நேரம் ஆகும் என்று அந்தப் போட்டிக்காரர்களே கணக்குச் சொல்கிறார்கள். அதை அமுக்கி அமுக்கி மூன்று நிமிடமாக்க முடியாது. நான்கு இயல்களைத் தூக்கிப் போட்டேன். நெறியாளருக்கு வருத்தம்தான். மிச்சமிருந்த ஒரு கேள்வியைப் பேசினேன், சபை கேட்டது. ‘சுருக்கு’ என்றால் மாணவர்கள் மறுபடி அமுக்கத்தான் பார்ப்பார்கள்.

*

> மறுபடி அமுக்கத்தான் பார்ப்பார்கள்

அம்மா, சுருக்குப் பையை நினைத்துப் பாருங்கள். பாட்டி வீட்டையே மடித்து அதில் திணிப்பதில்லை. வெற்றிலை, பாக்கு, நாலு சில்லறை. எதை எடுத்துப் போவது என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் மேடையில் செய்ததும் அதுதானே?

*

அனைவருக்கும் நன்றி. போட்டியின் பெயரை ‘முந்நிமிட ஆய்வுரை’ என்றும், பொதுச்சொல்லை ‘சுருக்குரை’ என்றும் கையேட்டில் போடுகிறேன். அது ஆய்வுச் சுருக்கத்திலிருந்து வேறு என்று அம்மா சொன்னதை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். பேசுபவரைச் ‘சுருக்குரைஞர்’ என்று எழுதிப் பார்த்தேன். கறுப்பு அங்கியோடு வழக்குரைஞர் வந்து நிற்கிறார். ‘பேசுபவர்’ என்றே இருக்கட்டும்.